அறுநூற்று இருபதாவது கண்ணி

பீளமேட்டில் பின்னிரவு. ஏசியின் உறுமல்.
நுண்ணோக்கித் திரையில்
ருக்குமணி அக்காவின் முழங்கைத் தோலிலிருந்து
வளர்த்தெடுத்த செல்கள்.
அக்கா இந்நேரம் காங்கயம் ரோட்டு லைன் வீட்டில்
தூங்கிக்கொண்டிருப்பார்,
இடது கையைத் தொடைக்கடியில் கொடுத்து,
ஆடாதபடி.

செல்லின் விளிம்பு உள்வாங்கி உள்வாங்கிக்
கிள்ளிய பைகளெல்லாம் வந்து கொட்டும் இடம்
எண்டோசோம்.
அமிலக் குழியில் கரையப் போவது எது,
வந்த வாசலுக்கே திரும்புவது எது?
பிரிக்கிற புரதத்துக்குக் கண் கிடையாது.
சவ்வில் ஒரு கொழுப்பின் தலையைத்
தடவிப் பார்த்துப் பிடிக்கிறது.
பன்னருவாள் போல வளைந்த தன் உடம்புக்குச்
சவ்வையும் வளைத்து,
குழாயாக இழுக்கிறது.
திரும்பவேண்டியவை அதில் நழுவிப் போகின்றன.
மிச்சம் அங்கேயே கிடந்து
புளித்துச் சாகிறது.

திருப்பூரில் அக்காவுக்கும் இதே வேலை என்று
எழுதத்தான் கை போகிறது.
பதினெட்டு வருசம் கட்டிங் வேஸ்ட் குடோன்.
வெள்ளை தனி, மெலாஞ்ச் தனி,
எண்ணெய் பட்டது பாய்லருக்கு,
நல்லது வெள்ளகோயில் மில்லுக்கு, மறுபடி நூலாக.
கூப்பிடாமலே வந்து உட்காருகிறது உவமை.
எழுந்து போகச் சொல்கிறேன்.
புரதத்துக்குச் சனிக்கிழமைக் கூலி இல்லை,
இடுப்பு வலி இல்லை.

மீட்டு அனுப்பும் கூட்டத்தில் ஒரு புரதம்.
அதன் அறுநூற்று இருபதாவது கண்ணி மட்டும்
மாறியிருக்கிறது.
சேவூர் அண்ணனுக்கும் அதே கண்ணி;
அவருக்குச் சட்டைப் பித்தானே பகை.
பனியனில் கண்ணி விட்டிருந்தால்
ட்யூப் லைட்டுக்கு நேரே பிடித்தால் போதும்.
இது நாற்பத்துநாலு வருசம்
எந்த வெளிச்சத்திலும் தெரியவில்லை.

புதன்கிழமை வந்திருந்தார்.
பில்லின் பின்புறம் படம் போட்டுச் சொன்னேன்.
“அப்ப, திரும்ப வேண்டியது திரும்பறதில்லீங்?”
சிலதுக்கா.
“மருந்து?”
நடுக்கத்துக்கு இருக்கு. இதுக்கு இன்னும் இல்லை.

படத்தை அதற்குமேல் அவர் பார்க்கவில்லை.
என் வெள்ளைக் கோட்டின் கைமடிப்பில்
பிரிந்து தொங்கிய நூலை எட்டிப் பிடித்தார்.
மணிக்கட்டு துள்ளியது. விரல்கள் துள்ளின.
கட்டைவிரலும் சுட்டுவிரலும் மட்டும்
அதை ஒருதரம் உருட்டின.

“காட்டன்னு சொல்லி வித்துட்டான் கண்ணு.
பாலி கலந்திருக்குது.”