வருகையின் நோக்கம்

பாபநாசம் வனச் சோதனைச் சாவடியில்
பிளாஸ்டிக் பை, தீப்பெட்டி, பாட்டில்
இவற்றைத்தான் நான் தேடுவது.
அந்த அம்மாவின் பையில் இருந்தது
ஒரு துண்டு ஓடு.
கருத்தது. கைக்குட்டையில் சுற்றியது.
ஒரு விளிம்பில் பாசி காய்ந்திருந்தது.

பெயர் சயோகோ. நாடு ஜப்பான்.
மூன்றாவது கட்டத்தில் பேனா நின்றது.

கைபேசியைப் பேசவிட்டார்.
செய்தி வாசிக்கிற தமிழில் அது சொன்னது:
எங்கள் மலைக்கு உங்கள் மலையின் பெயர்.
அங்கே ஒரு புத்தர் கோயில் இருந்தது.
இப்பொழுது படிக்கட்டு இருக்கிறது,
தூண் நின்ற குழிகளில் மழைநீர் இருக்கிறது.
முற்காலத்தில் எங்கள் துறவிகள்
பெட்டிபோல் அடைத்த படகில் ஏறி
வெளியிலிருந்து ஆணி அறையச் சொல்லி
உங்கள் மலையைத் தேடித் தெற்கே வந்தார்கள்.

வந்தாங்களா? என்றேன்.
கைபேசி கொஞ்சம் யோசித்தது.
'புறப்பட்டார்கள்' என்று திருத்தியது.

ஜீப்புக்காரன் பூதத்தான்
எதற்கும் சிரிக்கிறவன், சிரிக்கவில்லை.
'காரையாறு வரைக்குந்தான் தாயி.
அதுக்கு மேல பாதையை அடைச்சு வருசமாச்சு.
கேரளா வழியாச் சுத்திப் போவணும்.'
அவருக்கு விமானம் மறுநாள் காலை.

ஒன்பது வருசமாய் இந்த நாற்காலி எனக்கு.
உச்சிக்கு ஒருமுறையும் போனதில்லை,
விரல் நீட்டிக் காட்டத் தெரியும்.
அன்றைக்கு அதுவும் முடியவில்லை.
ஆனிச் சாரல்.
பொதிகை இருக்கும் இடத்தில் வெள்ளை.

அந்த வெள்ளையைப் பார்த்தே நின்றார்.
குரங்கு வந்து பிஸ்கட்டைப் பறித்துப்போனது.
திரும்பவில்லை.

மேலே கோயில் உண்டா?
அகத்தியர் சிலை ஒன்று, கூரை கிடையாது என்றேன்.
'அப்படியானால் இடிய ஒன்றுமில்லை'
என்றது செய்தித் தமிழ்.
துக்கமா நிம்மதியா,
அந்தக் குரலில் தெரியாது.

காட்டுக்குள் எதையும் விட்டுவரக் கூடாது என்பது சட்டம்.
ஆகவே என் மேசையில் விட்டுப் போனார்.
நோக்கம்: சுற்றுலா என்று எழுதினேன்.
வெளியேறிய நேரம் எழுத மறந்திருக்கிறேன்.

காற்றுக்குப் பதிவேட்டின் தாள்கள் புரளாமல்
ஓடு உட்கார்ந்திருக்கிறது.
ஜன்னல் வழியே சாரல் அடித்து அடித்து
நேற்றிலிருந்து அந்த விளிம்பு
பச்சையாகிக்கொண்டு வருகிறது.
ரேஞ்சர் இன்னும் கவனிக்கவில்லை.
கேட்டால்
பேப்பர் வெயிட் என்று சொல்லிக்கொள்ளலாம்.