ஊத்து 0.1

ஐப்பசி அடைமழையில் வெளியிட்டோம்.
அதுவே முதல் தப்பு.
ரிக்கு வண்டிகள் எல்லாம் திருச்செங்கோடு திரும்பி
சங்ககிரி ரோட்டோரம்
மாஸ்ட்டை மடக்கிப் படுத்திருந்தன.
பேசவேண்டியவர்கள் அத்தனை பேரும்
ஒரே டீக்கடையில் இருக்கையில்
எவருக்கு வேண்டும் செயலி?

ஹேமர் பிட் கடைக்கு மேல்மாடி,
கிரீஸ் வாசத்தில் எங்கள் ஆபீஸ்.
நிரூபா பொத்தானை அழுத்தினாள்.
உடைத்த தேங்காய் அழுகல்.
யாரும் பார்க்குமுன் துணியில் சுற்றிவிட்டாள்.
முதல் நாள் பதினொரு செய்திகள்.
நான்கு நான் அனுப்பியவை.
ஒன்று யாருடைய சட்டைப்பையோ தானாக அனுப்பியது.

பழைய குழுவை ஒரே ராத்திரியில் மூடினார்கள்.
எங்கோ ஒரு கம்பெனி. ஏனென்று சொல்லவில்லை.
ஆறு வருசம் எழுதியிருந்தார்கள்:
ராய்ச்சூரில் எத்தனை அடியில் பாறை,
எந்த செக்போஸ்ட்டில் எவ்வளவு கேட்பான்,
நாந்தேடு தாண்டி எந்த பங்க் டீசலில் தண்ணி.
ஆயிரத்து இருநூறு அடி ஓட்டி
புழுதி மட்டும் வந்த குழி மாதிரி
எல்லாம் போயிற்று.

அதனால்தான் பொங்கியண்ணன் பணம் போட்டார்.
ஏழு ரிக்கு ஓனர்.
"ஒருத்தனும் மூடமுடியாத மாதிரி
ஒண்ணு பண்ணு கண்ணு."
ஒருத்தன்னா, யாருமேங்களா?
"யாருமேதான்."

பண்ணினோம்.
நடுவில் எசமான் கிடையாது.
ஒரு ரிலேயில் விழுவது இன்னொன்றுக்குப் போகும்.
ஒன்று எங்கள் மாடியில்.
ஒன்று ராய்ப்பூரில்,
கம்ப்ரசர் மெக்கானிக் வீட்டு பிரிட்ஜுக்கு மேல்.
மற்ற மூன்றும் யார் வீட்டில் என்று
எனக்கே தெரியாது.
ஆளுக்கொரு சாவி, அறுபத்து மூன்று எழுத்து.
"நாயன்மார் கணக்குங்களா" என்ற டிரைவர்
பீடிக்கட்டு உள்காகிதத்தில் எழுதிக்கொண்டார்.
தொலைந்தால் என்னாலும் தரமுடியாது என்றேன்.
"அப்பறம் நீ எதுக்கு?"
இன்றுவரை பதில் இல்லை.

தை பிறந்தது. வண்டிகள் கிளம்பின.
மலையைப் பார்த்து ஒரு கும்பிடு,
ஓமலூர் தாண்டி வடக்கே.
அப்போதுதான் ஊத்து வாய் திறந்தது.
ராத்திரி ரெண்டு மணிக்கு
குழிக்குள் ராடு மாட்டிக்கொண்டது என்று ஒரு படம்.
நாற்பது நிமிசத்தில் பதினாறு யோசனை,
அதில் மூன்று ஒன்றையொன்று திட்டின.

மாசியில் எங்கள் தெரு டிரான்ஸ்பார்மர் வெடித்து
நாலு மணிநேரம் எங்கள் ரிலே செத்துக் கிடந்தது.
செய்திகள் நிற்கவே இல்லை.
ஒருவருக்கும் தெரியவும் இல்லை.
நிரூபா கைதட்டினாள்.
எனக்குக் கொஞ்சம் வலித்தது.

பங்குனி ஒன்பது. புத்ராம் எழுதினார்.
ஏழாம் நம்பர் வண்டியில் ராடு மாட்டுகிற ஆள்,
பஸ்தர் பக்கம்.
நாகரி எழுத்து, எனக்குத் தெரியாது.
போனை வாசிக்கச் சொன்னேன்.
வந்தது தமிழ்:
"மூணு மாசம் சம்பளம் இல்லீங்க.
அம்மா ஆஸ்பத்திரி.
ஓனர் போன் எடுக்கல."

பொங்கியண்ணன் மாடியேறினார்,
செருப்பைக் கழற்றாமல்.
"அத எடுத்துரு கண்ணு."
எடுக்கலாமுங்க, இங்க மட்டும்.
ராய்ப்பூர்ல இருக்கும்.
மத்த மூணுலயும் இருக்கும்.
"அப்ப யாரைக் கேக்கோணும்?"
யாருமில்லீங்க.
நீங்க கேட்டதுதானுங்க.

பேன் சுற்றியது. கீழே எவரோ
பிட்டை வாங்குமுன் தட்டிப் பார்த்தார்கள்,
விரிசல் இருந்தால் சத்தம் மாறும்.

கண்ணாடியை மாட்டினார்.
உள்பனியன் பையிலிருந்து
தன் சாவிக் காகிதத்தைப் பிரித்தார்,
ஐந்து மாதமாக ஒருமுறையும் உள்ளே வராதவர்.
ஒவ்வொரு எழுத்தாக, ஒற்றை விரலால்.
அடுத்தவர் சாவியைப் பார்க்கக்கூடாது,
நாங்கள் போட்ட விதி.
சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

என் போனிலும்
இன்னும் இருநூற்று எண்பது போன்களிலும்
அவர் பெயருக்குக் கீழே
மூன்று புள்ளிகள்
எழும்பின, அமுங்கின,
திரும்ப எழும்பின.