இரண்டு கிலோ நானூறு

முன்வாசலில் நாளுக்கு இருநூறு கார்கள் பிறந்தன,
கம்பளம், சாம்பல் கிண்ணம், கதவு ரப்பர் எல்லாம் சீராக.
பின்வாசலில், கொதிகலன் அறைக்கு அப்பால்,
ஒன்பதாம் கொட்டகையில்
அவற்றில் ஒன்றைப் பிடித்து வந்து
உரித்துக்கொண்டிருந்தோம் நாங்கள்.

உரித்ததற்குக் கணக்கு வைத்தவள் யார்மிலா.
பிர்னோ சந்தையில் வாங்கிய மீன்கடைத் தராசு,
தட்டில் இன்னும் கெண்டை வாசம்.
பின்னிருக்கை பதினான்கு கிலோ.
கண்ணாடி இறக்கும் கைப்பிடி இருநூற்றுப் பத்து கிராம்;
பதிலுக்கு ஒரு தோல்வார், பதினெட்டு.
கம்பளத்தடியில் எவர் கண்ணும் படாத தார்ப்பூச்சை
உலர்பனி கொட்டி, சுத்தியால் தட்டி,
ஓடு ஓடாகப் பெயர்த்தோம்:
ஆறு கிலோ மௌனம்.
இனி என்ஜின் காதுக்குள்ளேயே கத்தும்.

கழன்றதை வாங்கி அடுக்கிச் சீட்டெழுதுவது என் வேலை.

ஓட்டுபவன் ரோஸ்டிஸ்லாவையும் விடவில்லை.
மதியச் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும்
சரக்குத் தராசில் ஏற்றி நிறுத்தாள்.
"மாவுருண்டை உனக்கு இரண்டு போதும்."
மூன்றாவதை அவன் என் தட்டில் வைத்தான்.
மோதிரத்தைக் கழற்றச் சொன்னபோது மட்டும்
மனைவியைக் கேட்க வேண்டும் என்றான். கேட்டான்.
குறிப்பேட்டில் இருக்கிறது:
மோதிரம், நான்கு கிராம், பேச்சுவார்த்தை தோல்வி.

நவம்பரில் அமைச்சகத்திலிருந்து ஒரு பெட்டி.
வைக்கோலுக்குள் வெண்கலப் பலகை;
பல்சக்கரம், கோதுமைக் கதிர், அதன் கீழே
"இலக்கை நான்கு சதம் விஞ்சிய பிரிவுக்கு."
எந்த இலக்கு என்று எங்களுக்குத் தெரியாது.
காரில் பொருத்திப் படமெடுத்து அனுப்பச் சொல்லிக் கடிதம்.
யார்மிலா பலகையைத் தட்டில் வைத்தாள்,
எழுதிக்கொண்டாள், என்னிடம் நீட்டினாள்.
"கிடங்குக்கு."
கடிதத்தையும் நிறுத்தாள். ஐந்து கிராம்.

பந்தயத்துக்கு முந்தைய மாலை, யெசெனிக் மலையடியில்,
பரிசோதகர்களின் எடைமேடையில் ஏறியது கார்.
எண்ணூற்று இருபது கிலோவுக்குக் குறையலாகாது, விதி.
முள் ஏறிற்று, நடுங்கிற்று, நின்றது:
எண்ணூற்றுப் பதினேழு, அறுநூறு.
யாரும் பேசவில்லை.
"அந்த மூன்றாவது உருண்டையை..." என்று தொடங்கிய ரோஸ்டிஸ்லாவ்
அவள் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டான்.

கையில் ஈயம் இல்லை. கடைகள் பூட்டியாயிற்று.
குறிப்பேட்டைப் பின்னோக்கிப் புரட்டினாள்.
விரல் நவம்பரில் நின்றது.
"கிடங்குச் சாவி உன்னிடம்தானே?"

நான் திரும்பி வந்தபோது இரவு இரண்டு மணி.
காரின் வயிற்றில், இருக்கைக்கு நேர் கீழே,
எழுத்துகள் சாலையைப் பார்க்க,
நான்கு போல்ட்டில் இறுக்கினோம்.
"கனம் எதுவானாலும் தாழ இருக்கட்டும்," என்றாள்.
அந்த நான்கு போல்ட்டின் எடை
விடியும்வரை அவளைத் தூங்கவிடவில்லை.

நான்காம் கட்டத்தில், ஊசியிலைக் காட்டு வளைவில்,
பனிமேட்டில் ஒரு சக்கரம் ஏற,
கார் யோசித்து யோசித்துக் கவிழ்ந்ததாம்.
இருட்டு. நான்கு சக்கரமும் வானத்தில் சுற்றின.
வேடிக்கை பார்க்க வந்த மரவெட்டிகள் டார்ச் அடித்தார்கள்.
ஒருவன் சத்தமாகப் படித்தான்:
"இலக்கை நான்கு சதம் விஞ்சிய பிரிவுக்கு."
காடே சிரித்தது என்று எழுத ஆசைதான்.
சிரித்தது ஆறு பேர்.
பிறகு அதே ஆறு பேர் தோள் கொடுத்தார்கள்.
அடப்பாவி, இவ்வளவுதானா கனம் என்று
மூத்தவன் கையை உதறிப் பார்த்துக்கொண்டானாம்.

கார் காலூன்றி ஓடி, பதினொன்றாவதாக வந்தது.

கூடாரத்துக்குள் அது நுழைந்ததும் யார்மிலா
நசுங்கிய கூரையை நிமிர்ந்தும் பார்க்கவில்லை.
உடைந்த ஜன்னல் வழியே கைவிட்டு
இருக்கையடியில் அள்ளி அள்ளி
மீன் தராசில் குவித்தாள்.
பனி, ஒன்றேமுக்கால் கிலோ.
பேனா மூடியைக் கடித்துக் கழற்றுவதற்குள்
தட்டின் விளிம்பில் சொட்டத் தொடங்கியிருந்தது.