ஏழாம் குவியல்

ஒன்டாரியோவிலும் ஒரு பாரிஸ் உண்டு.
கோபுரம் கிடையாது.
ஜிப்சம் தோண்டியதால் பேர் பெற்ற ஊர்.
ஊருக்கு வெளியே இப்போது நாங்கள் தோண்டுகிறோம்:
மணல், சல்லி, கப்பிக்கல்.
என் வேலை கையிருப்புக் கணக்கு.

போன வருஷம்
விக்டோரியா தின நீள்விடுப்பு முடிந்த செவ்வாய்.
ஏழாம் குவியலில் முப்பத்தெட்டாயிரம் டன்,
சலித்துக் கழுவிய கான்கிரீட் மணல்,
ஹாமில்டனில் எழும் அடுக்ககம் ஒன்றுக்கு
விற்றாகிவிட்டது.
அமாதேயு லோடரை நிறுத்திவிட்டு
வாக்கி டாக்கியில் கூப்பிட்டார்:
"வெளியே வா. உன் குவியலுக்குக்
குடிவந்திருக்கிறார்கள்."

வாளி வெட்டி நிறுத்திய செங்குத்து முகத்தில்
எலுமிச்சை அளவுத் துளைகள்.
சில ஒரு சாண் ஆழம், சில முழம் போயிருந்தன.
நான்கு நாள் இயந்திரம் ஓடவில்லை,
அவ்வளவு போதுமாயிருந்தது.
மண்ணிறக் குருவி, மார்பில் ஒரு பட்டை.
பேர் தேடினேன்.
தகைவிலான்.
தகைவு இல்லாதது. தடுத்து நிறுத்த முடியாதது.

முட்டையோ குஞ்சோ இருக்கும்வரை
ஒரு வாளி அள்ளக்கூடாது, சட்டம்.
ஹாமில்டனுக்கு வேறு குழியில் வாங்கி அனுப்பினோம்,
டன்னுக்கு நாலு டாலர் நட்டம்.
"எப்போது காலி செய்வார்களாம்?"
கூட்டத்தில் வில்மா கேட்டாள்,
வாடகை பாக்கி வைத்தவர்களைப் பற்றிக் கேட்பதுபோல.

அட்டவணையில் 'நிலை' என்றொரு பத்தி.
விற்றது, இருப்பது, ஈரம், ஆய்வில்.
இதற்குச் சொல் இல்லை.
தமிழில் அடித்தேன்: தகைவு.
தகைவு இல்லாதவற்றால் வந்த தகைவு.
மென்பொருள் ஏற்றுக்கொண்டது.
மார்ச் வரை யாரும்
என்னவென்று கேட்கவில்லை.

கேட்டபோது திட்டம் போட்டோம்.
ஏப்ரலில், பனி உருகிய கையோடு,
அமாதேயு விற்பனைக் குவியல்கள் எல்லாவற்றையும் சரித்துவிட்டார்.
சரிவென்றால் அவை வராது, நரி ஏறிவிடும்.
வடக்கு மூலையில், யாரும் வாங்காத வண்டல் மண்ணில்,
பத்தடிக்கு ஒரு நேர்ச்சுவர் வெட்டினார்.
லோடர் நேரம் பதினொரு மணி. டீசல்.
பட்ஜெட்டில் ஒரு வரி.
வில்மா அதைப் பார்த்தாள்,
போன வருஷ நட்டத்தைப் பார்த்தாள்,
கையெழுத்திட்டாள்.

இதை அன்பு என்று எழுதமாட்டேன்.
கணக்குதான்.
ஆனால் கணக்கில் ஏறியதால்தான்
நிற்கிறது என்றும் படுகிறது.
அன்பாக இருந்திருந்தால்
முதல் நெருக்கடியிலேயே
வெட்டியிருப்பார்கள்.

மே வந்தது. வந்தன.
வடக்குச் சுவரில் பதினாறு துளை.
மீதி எல்லாம்
பழைய எடைமேடைக்குப் பின்னால்,
மழை அறுத்துப்போட்ட கரையில்,
நாங்கள் மறந்தே போயிருந்த இடத்தில்:
எண்பத்திரண்டு.
"நம் திட்டத்தைப் படிக்கவில்லை போல"
என்றார் அமாதேயு.
சொல்லிக்கொண்டே
லாரிப் பாதையைச் சுற்றிவிட
ஆரஞ்சுக் கூம்புகளை இறக்கிக்கொண்டிருந்தார்.
அதை யாரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை.
பட்ஜெட்டிலும் அந்த வரி இல்லை.

ஆண்டறிக்கைக்குப் படமெடுக்கிறவன்
செப்டம்பரில் வந்தான்.
ஒன்றும் இல்லை, எல்லாம் தெற்கே போய்விட்டன.
வெறும் துளைகளை எடுத்தான்.
"தொண்ணூற்றெட்டுக் குடும்பங்கள்
எங்களோடு வாழ்கின்றன"
என்று போடலாமா எனக் கேட்டு அனுப்பினார்கள்.
துளைகள் என்று போடுங்கள் என்றேன்,
எல்லாத் துளையிலும் குஞ்சு பொரிப்பதில்லை.
அழகாயில்லையே என்றார்கள்.
துளைகள் என்றேதான் வந்தது,
பதினேழாம் பக்கத்தில், சின்ன எழுத்தில்.

நேற்று முதல் பனி.
அடுத்த வருஷ அட்டவணையைத் திறந்து
எடைமேடைக் கரைக்கு ஓர் எண் கொடுத்தேன்.
பதினாலு.
நிலை: தகைவு.
டன்: பூஜ்யம் என்று இட்டால்
மென்பொருள் வரியை அழித்துவிடுகிறது.
ஒன்று என்று போட்டு வைத்திருக்கிறேன்.
தணிக்கைக்காரர் வந்து
எங்கே அந்த ஒரு டன் என்றால்
மே வரை பொறுக்கச் சொல்ல வேண்டும்.