பதினேழாம் மனை

ராயக்கோட்டை ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால்
ஆர்ச்சில் எங்கள் நகரின் பெயர் இருக்கும்.
'ந' விழுந்து மூன்று வருடமாகிறது.
இப்போது நாங்கள் வசிப்பது வெறும் 'கர்'.

இருபத்தாறு வீடுகள்.
விடியுமுன் ஓசூர் கம்பெனி பஸ் ஆரன் அடித்தால்
எந்த வீட்டு விளக்கு முதலில் எரியுமென்று
படுத்தபடியே சொல்லிவிடுவேன்.
திம்மராயன் சார் வண்டி
ஐந்தாம் உதைக்கு முன்னால் கிளம்பியதில்லை.
பர்வீன் வீட்டுக் குக்கர்
மூன்றாவது விசிலைப் பாதியில் விழுங்கிவிடும்.
கடைசி வீட்டுக்காரர் பெயர் இன்னும் தெரியாது,
இருமல் தெரியும்.

தெலுங்கில் திட்டு, கன்னடத்தில் போன்,
உருதில் பிள்ளையைக் கூப்பிடும் குரல்.
தண்ணீர் வந்துவிட்டதென்று கத்துவது மட்டும்
எல்லோரும் தமிழில்தான்.

ஆனியில் கூழ் ஃபேக்டரிப் பக்கமிருந்து காற்று திரும்பினால்
துவைத்த துணியெல்லாம் மாம்பழம் மணக்கும்.
ஒரு வாரம் இனிப்பு.
அப்புறம் புளிப்பு.
அப்புறம் யாரும் அதைப் பற்றிப் பேசமாட்டோம்.

அந்தத் துணிகள் காய்வது பதினேழில்.
என் வீட்டுக்கும் நாகவேணி வீட்டுக்கும் நடுவே
நான்கு கல் நட்ட காலி மனை.
யாரோ பெங்களூர்க்காரருடையது என்பார்கள்.
யாரோ என்பதால் எங்களுடையது.
பந்தல் போட்டால் அங்கேதான்,
மஞ்சள் நீராட்டுக்கும் சரி, பிணத்துக்கும் சரி.
மீந்த செங்கல், உடைந்த கட்டில்,
சொல்லாமல் கொட்டிய குப்பை.

ஞாயிற்றுக்கிழமை மதியம்
கர்நாடகா நம்பர் பிளேட்டோடு ஒரு கார் வந்து நின்றது.
இறங்கியவர் கையில் அளவு டேப்.
அவர் மனைவி செருப்பைக் கழற்றிவிட்டு
மண்ணில் நின்று பார்த்தாள்.
அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது.

நாகவேணி கொடியை அவிழ்த்தாள், ஈரத் துணியோடு.
திம்மராயன் சார் தன் செங்கல் அடுக்கை
யாருடையதோ என்பதுபோல் பார்த்தார்.
பையன்கள் ஸ்டம்பைப் பிடுங்கிக்கொண்டு ஓட,
மூன்று குழிகள் மட்டும்
ஒழுங்காக வரிசையில் இருந்தன.
பர்வீனின் ஆட்டுக்கு யாரும் சொல்லவில்லை.
அது பதினேழின் நடுவில் நின்று
மென்றுகொண்டிருந்தது.

கேட்டுக்கு அருகில் நின்றவள் நான்தான்.
"தண்ணி எப்படிம்மா இங்க?"
"ஒகேனக்கல் தண்ணி வாரம் ரெண்டு நாள்.
போர் போட்டா எண்ணூறு அடி."
"ஜனங்க எப்படி?"

சாக்கடைச் சரிவு உன் பக்கமா என் பக்கமா என்று
நான்கு மாதம் முகம் திருப்பிக்கொண்டிருந்தார்
திம்மராயன் சார்.
இவருக்கு நெஞ்சு வலித்த ராத்திரி
அந்த வண்டி முதல் உதையிலேயே கிளம்பியது.
பின்னால் நான் பிடித்துக்கொண்டேன்,
நடுவில் இவர், சாய்ந்தபடி,
கவர்மெண்ட் ஆஸ்பத்திரி வரை
யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.
மறுநாளிலிருந்து மறுபடியும்
சாக்கடைச் சண்டை.

இதை எப்படிச் சொல்வது, டேப் பிடித்திருப்பவரிடம்.
"கொசு கொஞ்சம் இருக்கு" என்றேன்.

கார் போனதும் ஒவ்வொருவராக வந்தார்கள்.
என்ன கேட்டான், நீ என்ன சொன்னே.
எங்களைப் பத்தி ஏதும் கேட்டானா.
நாகவேணியிடம், நல்லவங்கன்னு சொன்னேன் என்றேன்.
பர்வீனிடம், ஆடு யாருதுன்னு தெரியாதுன்னுட்டேன் என்றேன்.
திம்மராயன் சார் கேட்கவில்லை.
காம்பவுண்டுக்கு அந்தப் பக்கம்
செங்கல்லை ஒவ்வொன்றாக எடுத்து
உள்ளே அடுக்கும் சத்தம்
பத்து மணி வரை கேட்டது.

காலையில் பார்த்தேன்.
கொடி மறுபடி கட்டியிருந்தது, அதே கல்லில்.
இந்த முறை சுருக்கு முடிச்சு,
ஒரு இழுப்பில் அவிழ்கிற மாதிரி.
அதில் நேற்றைய ஈரச் சட்டை ஒன்று,
கைகளைத் தொங்கப் போட்டுக்கொண்டு.