பன்னிரண்டு ஏக்கர்

ஏழு முறை பிடுங்கி நட்டாயிற்று இந்த வீட்டை.
தூண்களில் கரித்துண்டால் எழுதி வைத்திருக்கிறேன்:
கிழக்கு ஒன்று, கிழக்கு இரண்டு.
இப்போது கிழக்கு ஒன்று மேற்கே நிற்கிறது.
யாரும் கேட்பதில்லை.

சித்தாங் ஆறு மார்த்தபான் வளைகுடாவில் விழும் இடத்தில்
கரை என்பது அந்தந்த வருஷத்துப் பேச்சு.
பௌர்ணமிக்கு மறுநாள்
ஆள் உயரத்துக்கு எழுந்து வரும் கடல்
ஆற்றை வந்த வழியே திருப்பி அனுப்பும்.
நாய்களுக்குத்தான் முதலில் கேட்கும்.
பிறகு வயல் விழும் சத்தம்,
மாடு படுப்பதுபோல் முன்னங்கால் மடித்து
ஒரு பெருமூச்சோடு.

என் பன்னிரண்டு ஏக்கரும் அப்படித்தான் படுத்தது,
மூன்று மழைக்காலத்தில்.
நாற்றங்கால், களம், அங்காளம்மன் கோயில் வாசல்,
கடைசியாக
நாங்கள் பெயர் வைக்காத பிள்ளையின்
ஒரு முழக் குழி.
வரப்பு மட்டும் ஒரு வாரம்
தண்ணீருக்கடியில் கோடாகத் தெரிந்தது.

அந்த மண்ணெல்லாம் அக்கரையில் போய்ப் படிந்தது.
புல் முளைத்து, எருமை இறங்கி,
ஆறாம் வருஷம் உப்பு விட்டது.
கோ லா சுவே நெல் விதைத்தான்.
சந்தையில் அவன் அரிசிதான் வாங்கினேன்.
சோற்றில் கல் கடித்தது.
‘நம்ம களத்துக் கல்லு’ என்றேன்.
செம்பாயி சிரிக்கவில்லை.
தட்டிலிருந்து அதை எடுத்து
முந்தானையில் முடிந்துகொண்டாள்.

இந்த வருஷம் ஆறு மனசு மாறிவிட்டது.
அக்கரை இடிகிறது.
இங்கே, வற்றத்தில்,
ஓர் எருமையளவு பழுப்பு முதுகு தெரிகிறது.

பிளாஸ்டிக் பையில் பட்டாவைச் சுற்றிக்கொண்டு
நில ஆபீசுக்குப் போனேன்.
பதிவேட்டில் என் எண்ணுக்கு நேரே
‘நீர்’ என்றிருந்தது.
குமாஸ்தா அதை அடித்தார்,
வேறு வார்த்தை தேடினார்,
பேனாவை மூடினார்.
‘இறுகட்டும். மாடு நிற்கும்போது வாங்க.’

திரும்பி வந்தால்
படகில் உட்கார்ந்திருக்கிறான் கோ லா சுவே.
பிரித்த தூண்கள், கோழிக்கூடை,
அரை மூட்டை விதைநெல்.
அவன் தூண்களிலும் எண் இருந்தது, சுண்ணாம்பில்.
அவன் எதுவும் கேட்கவில்லை.
நான் இடுப்பிலிருந்து பையை எடுக்கவில்லை.

இருவரும் லுங்கியைத் தூக்கிக் கட்டி இறங்கினோம்.
ஊன்றிய மூங்கில்
போய்க்கொண்டே இருந்தது.
‘எங்கே உன் வரப்பு?’ என்றான்.
காட்டினேன்.
எனக்கே சந்தேகம்.
கை மட்டும் நேராக நீண்டது.