அறுபத்து மூன்று வருத்தங்கள்

கடற்கரைத் தெருவில் மூன்றாம் மாடி.
குளிர்சாதனம் மட்டும் பேசும் அறை.
நூற்றிருபது வருடத்துக்கு முந்தைய ஒரு துரையின்
கடிதப் புத்தகங்களை இயந்திரம் படிக்கிறது;
அது தப்பாகப் படித்ததை நான் திருத்துகிறேன்,
நாளைக்கு நாற்பது பக்கம்.

துரை அக்கரைக்காரர்.
பிறை ஆற்றுக்கு அப்பால் கரும்புத் தோட்டம்.
வாரம் ஒரு கடிதம், லண்டனில் யாரோ முதலாளிக்கு.
எதையும் ஒற்றையாகச் சொல்ல வராது அவருக்கு.
பழுதும் பங்கமும். தடையும் தாமதமும்.
சரக்கும் சாமானும் தட்டும் முட்டும்.
முதலில் சிரித்தேன்.
அன்று மாலை பெர்ரியில்
அத்தை போனில் பாகப்பிரிவினைக் கதை சொன்னாள்:
நகை நட்டு, வீடு வாசல், சட்டி பானை.
சிரிப்பு பட்டர்வொர்த் வருமுன்னே அடங்கிவிட்டது.

சியூ லிங் ஒரு வித்தை காட்டித் தந்தாள்.
ஒரு சொல்லைக் கொடு,
அது வந்த வரிகளையெல்லாம் கணினி
அந்தச் சொல்லை நடுவில் நிறுத்தி
மேலிருந்து கீழே அடுக்கிவிடும்.
'வருத்தம்' கொடுத்தேன், துரையின் மொழியில்தான்.
அறுபத்து மூன்று.

கொதிகலனில் விரிசல் என்பதை     வருத்தத்துடன்     அறியத்தருகிறேன்
வண்டிமாடு இரண்டு செத்ததை     வருத்தத்துடன்     அறியத்தருகிறேன்
சர்க்கரை விலை சரிந்ததை     வருத்தத்துடன்     ஒப்புக்கொள்கிறேன்
காய்ச்சலில் கூலிகள் பதினொருவர் என     வருத்தத்துடன்     அறியத்தருகிறேன்
தங்கள் குடை வந்துசேரவில்லை என     வருத்தத்துடன்

இப்படியே போகிறது.
மாட்டுக்கும் குடைக்கும் பதினொருவருக்கும்
ஒரே அளவில் வெட்டிய துணி.
திட்டினேன், வாய்க்குள்.
பிறகு ஞாபகம் வந்தது,
போன வாரம் நான் கொடுத்த விடுப்புக் கடிதம்.
'சாயா யாங் மெனுருட் பெரிந்தா',
கட்டளைக்குப் பணிந்த நான்.
அதை மாற்றச் சொல்லிச் சுற்றறிக்கை வந்துவிட்டது,
கைக்கு மட்டும் இன்னும் வந்து சேரவில்லை.
துரையும் அப்படித்தான் முடிக்கிறார் ஒவ்வொரு வாரமும்:
தங்கள் மிகப் பணிவுள்ள ஊழியன்.

இரண்டாம் புத்தகம், இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்.
மை பரவிய இடத்தில்
இயந்திரம் வெறும் புள்ளிகளாகத் துப்பியிருந்தது.
பெரிதாக்கிப் பெரிதாக்கிப் படித்தேன்.

பையன் செவ்வாய்க்கிழமை இறந்தான்.
தண்ணீர் கேட்டான்.

அவ்வளவுதான்.
யாதெனில் இல்லை. வருத்தம் இல்லை.
கீழே பணிவுள்ள ஊழியனும் இல்லை.
அடுத்த வாரம் பழையபடி பழுதும் பங்கமும்.
சியூ லிங்கின் வித்தையை எத்தனை முறை ஓட்டினாலும்
இந்தப் பக்கம் வந்திருக்காது.

படிவத்தில் ஒரு கட்டம் இருக்கிறது.
இறந்தவர் குடும்பமா, பணியாளா?
அவர் மொழியில் 'பாய்' என்றால் மகன்,
'பாய்' என்றால் பங்கா இழுப்பவனும்தான்.
தமிழைக் கேட்டேன்.
எங்கள் பையன் என்றது, கடைப் பையன் என்றது,
அதற்கு மேல் வாய் திறக்கவில்லை.

தேடினேன். நூற்றுப் பதினெட்டு பாய்கள்.
சமையலறைப் பாய், குதிரை லாயத்துப் பாய்,
விளக்குக் கண்ணாடியை உடைத்த பாய்.
ஓரிடத்தில் பினாங்கிலிருந்து வரவழைத்த காலணி,
சின்ன அளவு, ஒரு ஜோடி, 'பாய்க்கு'.
வேலைக்காரச் சிறுவனுக்குக் காலணி வாங்குவாரா?
வாங்கியும் இருக்கலாம்.

கட்டத்தை வெறுமையாக விட்டால்
அடுத்த பக்கம் திறக்காது.
ஏதாவது ஒன்றை அமுக்கிவிடு என்றார் புவான் ரொஹைசா,
கைப்பையை மாட்டிக்கொண்டே.
மணி நாலே முக்கால்.
அமுக்கவில்லை.
அவருக்கு ஒரு குறிப்பு எழுதினேன்.
முதல் சொல்லாக எது வந்து உட்கார்ந்தது என்று
சொல்ல வேண்டியதில்லை.
அழித்தேன். மீண்டும் வந்தது. மீண்டும் அழித்தேன்.
'பக்கம் 212 முடியவில்லை'
என்பதை மட்டும் விட்டுவைத்தேன்.

பெயர் போடவில்லை என்பது
பெர்ரி நடுக்கடலுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.